கூழ் ஆலைக் குட்டையில் மீன்

"குடத்துல இன்னா சார்?" என்றார் கண்டக்டர்.

"தீர்த்தம்" என்றார் அருணகிரி, குடத்தின் வாயில் கட்டியிருந்த ஈரத்துணியை அவசரமாக இழுத்து மூடியபடி. போளூரிலிருந்து மலையேறும் பஸ் வளைவுக்கு வளைவு ஆட, தீர்த்தம் உள்ளே துள்ளிக் குதித்தது. கண்டக்டர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

தீர்த்தமாவது ஒன்றாவது! குடத்துக்குள் இருந்தவை உயிர்மீன்கள். அருணகிரியின் மானமும் அவற்றோடு சேர்ந்துதான் நீந்திக்கொண்டிருந்தது.

ஜவ்வாது மலைமேல் இருந்த காகிதக் கூழ் ஆலையில் அவர் கெமிஸ்ட். மூங்கிலை வேகவைத்த கறுப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் அப்படியே ஓடையில் திறந்துவிட்டு, ஊர் வாயில் விழுந்து கிடந்த ஆலை அது. எண்பத்துமூன்றில் புது மிஷின்கள் வந்து இறங்கியபோது, அருணகிரி முதலாளியைப் பிடித்துக்கொண்டார். கறுப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி பாய்லரிலேயே எரித்துவிடலாம், மிச்சத் தண்ணீரைத் தொட்டி தொட்டியாகத் தெளியவைத்து ஒரு குட்டையில் தேக்கி, அப்புறம் ஓடைக்கு அனுப்பலாம் என்று நச்சரித்து, நச்சரித்தே காரியத்தைச் சாதித்தார்.

ஆனால் ஊர் நம்பவில்லை. அதிலும் மங்கம்மாள் இருக்கிறாளே, அந்தத் தண்ணீரைக் குடித்த பசுமாட்டைப் பறிகொடுத்தவள், ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

"தெளிஞ்சிடும் தெளிஞ்சிடும்னு நீங்க சொல்லிட்டா ஆச்சா சார்? மாடு செத்தது எங்க வூட்ல!"

அருணகிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரிம்மா. குட்டையில மீன் விடறேன், உங்களுக்காகத்தான் விடறேன்! வேலிகூடப் போட மாட்டேன். எப்ப வேணா வாங்க, பாருங்க."

விட்டார். வாரம் திரும்புவதற்குள் குட்டை காலி. செத்த மீன் ஒன்றாவது கண்ணில் படுமா என்று கரையெல்லாம் குனிந்து தேடினார். ஒரு செதில்கூட மிதக்கவில்லை.

"செத்ததும் காக்கா தூக்கினு போயிருக்கும் சார்" என்றான் ஜீப் டிரைவர் சிங்காரம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அருணகிரி லேபில் எத்தனை தடவை சோதித்தாலும் தண்ணீர் சுத்தம் என்றே வந்தது. ஆனால் லேப் பொய் சொல்லலாம், மீன் பொய் சொல்லுமா? யாருக்கும் தெரியாமல் போளூருக்குப் போய் இரண்டாம் தடவை மீன் வாங்கிவந்து விட்டார். அதுவும் போயிற்று.

இந்த லட்சணத்தில் மங்கம்மாள் வேறு. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், இப்போதெல்லாம் எதிர்ப்பட்ட இடத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "சௌக்கியமா சார்? வூட்ல அம்மா சௌக்கியமா?" என்று விசாரிப்பு வேறு. குட்டை காலியானதைப் பார்த்துவிட்டுத்தான் நக்கல் செய்கிறாள் என்று அருணகிரி கூனிக்குறுகிப்போனார்.

திங்கட்கிழமை குட்டைத் தண்ணீரைச் சோதிக்க மெட்ராஸிலிருந்து ஆபீசர் வருகிறார். மீன் உயிரோடிருந்தால் மிஷின் ஓடும், இல்லாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. அதனால்தான் சனிக்கிழமை இந்த மூன்றாவது குடம்.

சாயங்காலமே மீன்களைக் குட்டையில் இறக்கி, "ரெண்டே நாள், தாக்குப் பிடிங்கடா" என்று கெஞ்சிவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆபீசர் முக்தார் அகமது வந்து இறங்கினார். வாணியம்பாடிக்காரர், தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர், அவரை ஏய்க்க முடியாது. குட்டையைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எங்க அருணகிரி, மீனு?"

அடியில் கிடக்கும் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் ஓடைப் பக்கம் பார்வை போயிற்று. மங்கம்மாளின் கன்றுக்குட்டி சாவதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அருணகிரி அந்தப் பொய்யை அப்படியே விழுங்கிவிட்டார்.

ஆபீசரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "செத்துடுச்சு சார். மூணு தடவை விட்டேன், மூணு தடவையும் போயிடுச்சு. எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன். மிஷினை நிறுத்திடுங்க சார், பாவம், இந்த ஜனங்க மாடு கன்னு வச்சிருக்காங்க."

வேலை போனால் போகட்டும். இத்தனை பாடுபட்டுக் கட்டிய தொட்டியெல்லாம் வெறும் சிமெண்டாகிவிட்டதே என்றுதான் அவருக்கு அழுகை வந்தது.

முக்தார் அகமது அவர் தோளைத் தட்டினார். "உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். மூடித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி ஊர்க்காரங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

குட்டைக்குத் திரும்பி வந்து, கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இந்தக் குட்டை மீனைப் பத்தி உங்களுக்கு ஏதாவது குறை இருக்குதா? யாருக்கும் பயப்படாம சொல்லுங்க."

எல்லாரும் மங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் அருணகிரியைப் பார்த்து, நல்ல மனுஷனைப்போய் மாட்டிவிடுவதா என்பதுபோல் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அருணகிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்ன ரெண்டு வாட்டி வுட்டது நல்ல ருசிங்க. இந்த வாட்டிதான் ஒரே முள்ளு!"