பக்கந்தான்

மேகமலை ஏறும் ஓட்டத்தில், தளர்ந்து வருகிறவரிடம் மீதித் தூரத்தை யாரும் உள்ளபடி சொல்வதில்லை.

எங்கும் எழுதப்படாத சட்டம் அது. தண்ணீர் கொடுப்பவரும், தேயிலைக் கூடையோடு வழிவிட்டு ஒதுங்குகிறவரும் ஒரே சொல்லைத்தான் நீட்டுவார்கள்: "இந்தா, பக்கந்தான்."

அந்தக் கருணையை நம்பித்தான் போன ஆண்டு முனீஸ்வரி கெட்டாள்.

உச்சியின் ஒலிபெருக்கி, தண்ணீர் மேசை போட்டிருக்கும் இந்த வளைவில் காதருகே கேட்கும். பாதையோ மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். பக்கம் என்றார்கள், சத்தமும் பக்கத்தில் கேட்டது. இருந்த மூச்சையெல்லாம் கொட்டி ஓடினாள். சற்று மேலே கெண்டைக்கால் இறுகி விழுந்தாள். பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் ஜீப் அவளையும் அள்ளியது.

அன்று முதல் மார்க்கையன்கோட்டையில் அவள் 'ஜீப்பு முனீஸ்வரி'. காய்கறிக் கடைக்காரர்கூட, "பையத் தூக்க ஜீப்பு வருமா ஆத்தா?" என்பார்.

அந்தப் பெயரை மலையிலேயே விட்டுவிட்டு இறங்குவதற்காகத்தான் இந்த ஆண்டும் வந்திருக்கிறாள்.

நான் அதே வளைவில், ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் உப்புத் தடவிய ஆரஞ்சுச் சுளைகள். நிற்க முடியாமல் தொடைகள் நடுங்கின. மார்பைத் துண்டால் போர்த்தியிருந்தேன்.

பெண்களில் முதலாவதாக வந்தவரை ஒலிபெருக்கி மறுபடியும் தேடியது. "பெனிஷா, எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

முனீஸ்வரி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடி வர யாருமில்லை. கீழ்வளைவில் ஜீப்பின் உறுமல் மட்டும்.

தண்ணீர் மேசையைக் கவனித்துக்கொண்டிருந்த அருளப்பன் சார் கைதட்டினார்.

"ஓடு ஆத்தா, ஓடு! மைக்குச் சத்தம் கேக்குதுல்ல? இந்தா, பக்கந்தான்!"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அவள் ஓடவில்லை. ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி பெனிஷா, நீ சொல்லு."

அருளப்பன் சாரின் கைதட்டல் நின்றது. அவர் ஒலிபெருக்கி இருந்த திசையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

துண்டை எடுத்துவிட்டு எழுந்தேன். நெஞ்சில் என் ஓட்ட எண் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. மேசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பக்கமில்லடி. இன்னும் ஏழு வளைவு கெடக்கு, அம்புட்டும் ஏத்தம். நீதான் கடைசி. இங்கன ஓடாத, நட. கடைசி ரெண்டுல ஓடு, ஜீப்பு ஒன்னியத் தொடாது. நான் இப்பத்தான் அம்புட்டையும் ஏறி எறங்கி வந்திருக்கேன்."