மூன்று பாட்டில், ஒரு முகம்

டமார்!

கண்ணாடி மேஜைமேல் பாட்டில் வந்து இறங்கிய வேகத்தில், பக்கத்து கவுன்டரில் வரிசையாக நின்ற லிப்ஸ்டிக்குகள் நாலைந்து குப்புறச் சாய்ந்தன. முகத்தில் பூசும் பவுண்டேஷன் விற்கிற கவுன்டர் பெண்ணுக்கு நிமிர்ந்து பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் மூன்றாவது முறையாகப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

“வந்தாச்சுடி உன் மாமியார்,” என்று முணுமுணுத்தபடி லிப்ஸ்டிக்குகளைப் பொறுக்கினாள் பக்கத்து கவுன்டர் அக்கா. கடையில் அந்த அம்மாளுக்கு ‘ரிட்டர்ன் மேடம்’ என்றே பெயர் விழுந்திருந்தது.

“இது என்ன கலர்? நீயே சொல்லு!”

“கோல்டன், மேடம். போன தடவை உங்க முகத்துல வெச்சுப் பார்த்துத்தானே...”

“என்னத்தப் பார்த்தே? இதைப் பூசிக்கிட்டு நின்னா, ‘எந்தச் சுவத்துல சாஞ்சே’ன்னு கேக்கறார் என் வீட்டுக்காரர். அடுத்த புதன்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். போட்டோவுல நான் மட்டும் மாவு மில்லுலேருந்து எழுந்து வந்தவ மாதிரி நிக்கணுமா? உன்னால ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலை, தெரியுமா?”

கவுன்டர் பெண்ணுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலை எடுத்துக் கொடுக்கவில்லை. கடை விளக்கு ஏமாற்றும் என்று, ஒவ்வொரு முறையும் மேடத்தை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய், தாடையோரம் மூன்று கலரில் மூன்று கோடு இழுத்துப் பார்த்தாள். எந்தக் கோடு தோலோடு தோலாக மறைகிறதோ, அதுதான் அந்த முகத்துக்கான கலர்.

முதல் நாள் வெளிர் நிறமான ‘பீஜ்’ மறைந்தது. நாலு நாள் கழித்து அது பொருந்தவில்லை என்று வந்தார். அன்றைக்கு ‘ஹனி’ மறைந்தது. அதற்கும் நாலு நாள் கழித்து ‘கோல்டன்’. வாசலில் மறைந்த கோடு வீட்டுக்குப் போனதும் எப்படித்தான் முளைக்கிறதோ!

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார்.

“மறுபடியுமா? இதோ பாரும்மா, மூணு மாசம் பார்த்துட்டுத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவேன்னு சொல்லியிருந்தேன். இன்னிக்கு இவங்க சரியான கலரோட வீட்டுக்குப் போகணும். இல்லைன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

மேனேஜர் மேடத்தின் பக்கம் திரும்பிக் குழைந்து கொண்டிருந்த நேரத்தில் அக்கா அவள் காதோரம் வந்தாள். “பேசாம கால்ல விழுந்துடுடி. தப்பு என்னோடதுதான்னு ஒரு வார்த்தை சொல்லு. மேடமும் குளிர்ந்துடுவாங்க, உன் வேலையும் தப்பிக்கும்.”

“செஞ்சிருந்தா விழலாம்க்கா. செய்யாத தப்புக்கு எதுக்கு விழணும்?”

மூன்று பாட்டில்களையும் கையில் எடுத்துக்கொண்டாள். “கடைசியா ஒரே ஒரு தடவை, வாசலுக்கு வாங்க மேடம். சாரும் வரட்டும்.”

“வாசலைத் தேய்ச்சது போதாதா இன்னும்?” என்று சலித்துக்கொண்டே வந்தார் ரிட்டர்ன் மேடம்.

வெளியே பளீரென்ற உச்சி வெயில். ஈரப் பஞ்சால் தாடையைத் துடைத்துவிட்டு, பீஜ், ஹனி, கோல்டன் என்று மூன்று கோடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் இழுத்தாள். ஒன்றுகூட மறையவில்லை. பீஜ் சாக்பீஸால் கிழித்ததுபோல் நின்றது. கோல்டன்கூட வெளிறிப்போய்த் தனியாகத் தெரிந்தது.

“பாருங்க சார், நல்லாப் பாருங்க!” மேடத்தின் குரலில் வெற்றி. “மூணுமே தப்பு. மூணுமே இவ குடுத்தது!”

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். “என்னம்மா சொல்றே இதுக்கு?”

அவள் கோல்டன் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். பாட்டில் ஏதும் கெட்டுப்போய்விட்டதோ? கோல்டன்தான் அவளுடைய கலரும். வேலைக்கு வரும்போது தினமும் பூசிக்கொள்வது. ஒரு சொட்டு எடுத்துத் தன் தாடையில் இழுத்தாள். கைக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டைக் காணோம், அப்படியே மறைந்துவிட்டது.

ஆக, பாட்டில் மாறவில்லை. வாசலும் அதே வாசல், வெயிலும் அதே உச்சி வெயில். நாலு நாள் முன்னால் இதே இடத்தில், இதே தாடையில் இந்தக் கோடு மறைந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

இத்தனை நாளும் தாடையைத் தாண்டி அவள் பார்வை மேலே போனதில்லை. அவள் தொழிலில் அதற்கு மேல் பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. இன்றைக்கு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, அந்த அம்மாளின் கண்களைப் பார்த்தாள்.

அவள் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

“என்ன முழிக்கறே? தப்புதான்னு ஒத்துக்கோ, விட்டுடறேன்,” என்றார் ரிட்டர்ன் மேடம்.

அவள் பாட்டிலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

“கலரை அப்புறம் பார்த்துக்கலாம்மா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க... உங்களுக்கு மஞ்சக்காமாலை!”