எச்சில் படாத ராணி

பழைய தபால்தலை வாங்கி விற்கும் மாசிலாமணிக்கு அடுத்தவர் எச்சில் என்றாலே குமட்டும். தன் வீட்டுத் தம்ளரைக்கூட உதட்டில் வைக்காமல் தூக்கித்தான் குடிப்பார். ஆனால் வெள்ளைக்காரன் காலத்துத் தபால்தலையை யார் கொண்டுவந்து காட்டினாலும், பின்பக்கத்துக் கோந்து அசல்தானா என்று நுனிநாக்கால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். ஒட்டாத தபால்தலை என்றால் எந்த நாக்கும் படாதது, உலகத்தில் அதைவிடச் சுத்தம் வேறில்லை என்பது அவர் கட்சி.

கனகவல்லி தன் அப்பாவின் தபால்தலை ஒன்றை விற்பதற்காகக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ராணி தலை போட்ட நாலணா. முத்திரை விழாதது. மாசிலாமணி இடுக்கியால் அதைத் திருப்பி ஓர் ஓரத்தை நக்கினார். கோந்தின் இனிப்பு இல்லை, என்னவோ புளித்தது.

"யாரோ நாக்கை வச்சிருக்காங்கம்மா" என்று முகத்தைச் சுளித்தவர், சந்தேகம் தீராமல் இந்த முறை முழுசாகவே நாக்கில் வைத்து அழுத்தினார்.

"அப்பாதாங்க" என்றாள் கனகவல்லி. "நாங்க வித்துடுவோம்னு பயம். கடைசி மூணு நாள் கஞ்சிக்குக்கூட வாயைத் திறக்கல. வாய்க்கரிசி போடறப்ப நெம்பித் திறந்தா, நாக்குல ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

மாசிலாமணிக்கு வாயை மூடவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ராணி நாக்கோடு படிந்துவிட்டாள். இடுக்கி தரையில் விழுந்தது. எச்சில் ஊறி ஊறித் தாடையில் வழிந்தது.

"அசையாதீங்க, கிழிஞ்சிடும்" என்று இரண்டு விரல்களை நீட்டிக்கொண்டு குனிந்தாள் கனகவல்லி. "எனக்கு எடுத்துப் பழக்கந்தான்."