மெல்ல நடப்பதற்கான வார்த்தைகள்

போடிமெட்டு ஏற்றத்தில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு என்ஜின் சூடு ஆறுவதற்காக நிற்கிறது. முழங்காலோடு முழங்கால் கோத்து நெருங்கி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அப்பால், உள்ளே கடைசி மூலையில் பவதாரணி. வெளியே இளவெயிலில் சுற்றுலா வந்த பெண்ணொருத்தி கைவீசி மெல்ல நடக்கிறாள். பள்ளிக்கூடத்தை விடும் முன் படித்த இங்கிலீஷ் வார்த்தைகள் பவதாரணியின் நாக்கில் வந்து நிற்கின்றன: ஸ்ட்ரோல், ஆம்பிள், சாண்டர். மெல்ல நடப்பதற்கு மட்டும் இத்தனை. "அண்ணே, அடுத்த வளைவு வரைக்கும் நடந்து வர்றேனே?" டிரைவர் சிரிக்கிறார். "நீ எறங்கணும்னா பூராப் பேரும் எறங்கணும் ஆத்தா. சோலிக்குப் போறியா, ஊர்கோலம் போறியா?" பெண்களும் சிரிக்கிறார்கள். ஜீப்பு உறுமிக் கிளம்புகிறது. கீழே, தூக்குச்சட்டிகளுக்கு நடுவிலுள்ள இருட்டில், அவளுடைய பாதங்கள் ஒன்று மாற்றி ஒன்றாக மெல்ல எழும்பி, அதே இடத்தில் பதிகின்றன.