மூன்று வருஷ அனுபவம்

"பொய் ரெஸ்யூமேன்னா கணேஷ்குமார் சார் கண்ணுலேர்ந்து தப்பவே முடியாது" என்று ஹைதராபாத் மாதாப்பூர் ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

அதைக் காதில் வாங்காதவர் மாதிரிதான் போவார் கணேஷ்குமார். ஆனால் யாராவது சொல்லும்போது நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வார்.

2006 மே மாதம், அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு வேறு தலைவலி. நாலு மணிக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு மீட்டிங். அவருடைய லேப்டாப்போ ரெண்டு நாளாக நெட்டுக்குள்ளேயே போகமாட்டேன் என்கிறது. 'இந்த ஃபயர்வால் ஆபத்தானது' என்று ஆன்ட்டிவைரஸ் கத்துகிறது. 'இந்த ஆன்ட்டிவைரஸ் சந்தேகத்துக்குரியது' என்று ஃபயர்வால் அதைத் தடுக்கிறது.

ஆன்ட்டிவைரஸோடு சேர்ந்தே ஒரு ஃபயர்வால் வந்திருந்தது. ரெண்டு இருந்தால் இன்னும் பத்திரம் என்று மேலே இன்னொன்றையும் ஏற்றியவர் அவரேதான். பதவியோ கம்ப்யூட்டர் செக்யூரிட்டி மேனேஜர். கீழே வேலை பார்க்கும் பசங்களிடம் போய், "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு" என்று கேட்க முடியுமா?

இந்த நேரத்தில்தான் இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்தாள் எவாஞ்சலின். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முகவரி. 'மூன்று வருஷ அனுபவம், மயூரவேல் சிஸ்டம்ஸ், சென்னை' என்றது ரெஸ்யூமே.

அந்த வரியில் அவர் விரல் ஒரு நிமிஷம் நின்றது.

"தமிழ்தானே?"

"ஹவ் சார்..." ஹைதராபாத் வாய் முந்திக்கொண்டது. "ஆமா சார்."

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்களுக்குன்னே ஒரு பிராக்டிகல் டெஸ்ட் ரெடி பண்ணி வெச்சிருக்கோம். சரி பண்ணுங்க பார்க்கலாம்."

சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூசியது. நாலு மணி மீட்டிங் ஞாபகம் வந்து அந்தக் கூச்சத்தை அமுக்கிவிட்டது.

எவாஞ்சலின் ரெண்டு நிமிஷம் பார்த்தாள்.

"எந்த மடையன் சார் இதுல ரெண்டு ஃபயர்வால் போட்டது?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி சார்."

கணேஷ்குமார் தொண்டையைச் செருமினார். "டெஸ்ட்டுக்காக நாங்கதான்..."

"அப்படியே நெசம் மாதிரியே பண்ணியிருக்கீங்க சார்."

லேப்டாப்பை சேஃப் மோடில் எழுப்பினாள். ரெண்டாவதாக ஏற்றிய ஃபயர்வாலை வேரோடு கழற்றினாள். அது விட்டுப்போன மிச்சம் மீதியையும் தேடிப் பிடித்து அழித்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்து, ஆன்ட்டிவைரஸைப் புதுப்பித்தாள். பன்னிரண்டே நிமிஷம். ரெண்டு நாள் மெயில் மொத்தமும் மடமடவென்று வந்து கொட்டியது.

கணேஷ்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே மேனேஜரும் திரும்பி வந்துவிட்டார்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"மயூரவேல் சிஸ்டம்ஸ்ல சார்."

"அங்கே எந்த மாடி?"

"மூ... மூணாவது மாடி சார்."

"அந்த பில்டிங்குக்கு மூணாவது மாடியே கிடையாது. கீழே ஜெராக்ஸ் கடை. மாடியில பல் டாக்டர். அவ்வளவுதான். அப்படி ஒரு கம்பெனி அங்கே இருந்ததே இல்லை."

எவாஞ்சலின் ஃபைலை மூடினாள்.

"அமீர்பேட்ல நான் கோர்ஸ் படிச்ச இடத்துல எழுதிக் குடுத்தாங்க சார். அனுபவம் இல்லைன்னா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டேங்கறாங்க. நெசமா நான் இருந்தது அப்துல் காதர் பாய் பிரவுசிங் சென்டர்ல. ரெண்டு வருஷம். எட்டு சிஸ்டம். வர்றவங்க கண்டதையும் டவுன்லோடு பண்ணிட்டுப் போயிடுவாங்க. தினம் எனக்கு இதே வேலைதான். அதை எழுதினா யாரு சார் மதிப்பாங்க?"

எழுந்துவிட்டாள்.

"நான் போறேன் சார். ஹெச்.ஆர்.ல மட்டும் சொல்லிடாதீங்க. டாடி லீவு போட்டுட்டு என்கூட வந்திருக்காரு. கீழே நிக்கறாரு. அவருக்கு இது எதுவும் தெரியாது."

வழக்கமாக இந்த இடத்தில் கணேஷ்குமார் நேர்மையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார். நன்றாகவே பேசுவார். போன மாதம் ஒரு பையன் அழுதேவிட்டான். இப்போதும் பேசத்தான் வாயைத் திறந்தார். எதிரே லேப்டாப் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"உட்காருங்க."

பேனாவை எடுத்து மயூரவேல் சிஸ்டம்ஸ் வரியை அடித்தார். ரெஸ்யூமேயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பிரவுசிங் சென்டர், ரெண்டு வருஷம், எட்டு சிஸ்டம்னு எழுதுங்க. ஹெச்.ஆர்.கிட்ட நான் பேசிக்கறேன். திங்கட்கிழமை உங்களுக்கு ஆஃபர் வரும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "அது டெஸ்ட் எல்லாம் இல்லை. ரெண்டு ஃபயர்வால் போட்ட மடையன் நான்தான்."

எவாஞ்சலின் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது தோள் குலுங்குவதிலேயே தெரிந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தவளுக்கு ஒரு சந்தேகம்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? எங்க பேட்ச்ல அஞ்சு பேரு இதே கம்பெனி பேரைப் போட்டு வேலையில சேர்ந்துட்டாங்க. யாருமே கண்டுபிடிக்கலை. உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார் கணேஷ்குமார்.

"நானும் மயூரவேல் சிஸ்டம்ஸ்தாம்மா. நீங்க அங்கே சேர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ரிலீவ் ஆயிட்டேன்."