உடல் தெரியும்படி ஒரு படம்

படத்தைப் பெரிதாக்கினாள்.

கறுப்புச் சிறகு. பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். வண்ணத்துப்பூச்சிக் குழுவில் அதற்குள் நான்கு பேர் 'ரோஜா அழகி' என்று சொல்லிவிட்டார்கள்.

மேடம் வந்து சொல்லட்டும் என்று ஐந்தாமவர் எழுதியிருந்தார். குழுவில் எல்லோருக்கும் அவள் மேடம்.

அவள் சிறகைப் பார்க்கவில்லை. உடலைப் பார்த்தாள்.

ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு. அது கசக்கும், பறவைகள் தொடுவதில்லை. அதனாலேயே கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, அதே போலச் சிறகு வேஷம் கட்டித் திரிகின்றன. சிறகை மாற்றிக்கொள்ள முடிந்தது. உடல் மட்டும் கறுப்பாகவே நின்றுவிட்டது.

இதன் உடல் கறுப்பு. வளைந்து, கறிவேப்பிலைத் தளிரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முட்டையிடுகிறது.

பதில் எழுதப் போன விரல் நின்றது.

பெயர் தெரியாதவர்கள் இப்படி எடுக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சிறகுதான் அழகு, மேலிருந்து எடுப்பார்கள். இது பக்கவாட்டில், மண்டியிட்டு எடுத்த படம். செடி எதுவென்று தெரிய ஓர் இலைக்கொத்து முழுசாக இருந்தது.

பதில் தெரிந்தவர் கேட்ட கேள்வி.

அனுப்பியவர் பெயர் 'தும்பை'. முகப்படம் இல்லை.

சிறகை விடு, உடம்பை எடு என்று ஒரே கேமராவுக்காகச் சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். அவளும் தங்கை ஜெபக்கனியும்.

தங்கை செய்துகொண்டது அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம். ஜெபக்கனி கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை. அப்புறம் அவள் எத்தனை முறை அழைத்தும் தங்கை எடுக்கவில்லை.

"கறிவேப்பிலை அழகிதானே?" தோளுக்குப் பின்னால் கணவன் எட்டிப் பார்த்தான். "உங்கூட குப்பை கொட்டுனதுல எனக்கே தெரியுது."

அவள் தட்டினாள்: உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு படம் கிடைக்குமா?

"ஏய், நிஜமாவே தெரியலையா?"

அவள் அனுப்பிவிட்டாள்.

குழுவில் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். மேடத்துக்கே சந்தேகமா என்றார் இன்னொருவர்.

டீ ஆறி ஏடு கட்டியது.

பிறகு தும்பையின் பதில் வந்தது.

"அது பறந்துட்டு. முட்டை இருக்கு. புழு வர்ற வரைக்கும் தினம் ஒண்ணு போடட்டுமா அக்கா?"

ஒரு பூச்சிக்கு ஒரு பதிவுதான். குழுவின் விதி அது. எழுதி வைத்தவளே அவள்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

"போடு. முட்டைக்குப் பக்கத்துல உன் விரலையும் வச்சு எடு. அளவு தெரியணும்."