வாசல் விளக்கு

மச்சான் செத்த பிறகு தண்டபாணி அந்தப் பழைய கள்ளுக்கடைக்குத் தனியாக வந்தது அன்றுதான். பரிமாறும் குப்புராசு எதுவும் கேட்காமல் தென்னங்கள்ளும் சூடாக மீன் வறுவலும் கொண்டுவந்து வைத்தான். அவர் மச்சானைப் பற்றிப் பேசப்பேச, பக்கத்திலேயே நின்று கேட்டான்.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: "வாசல்ல கொஞ்சம் சிரிச்ச முகமாப் போங்ணா. இன்னொரு சிவப்பு விழுந்தா என்னை வேலைய விட்டு நிறுத்திருவாங்க."

வாசலில் இருந்த கேமராவின் கண்ணாடிக் கண், போகிறவர் முகத்தைப் பார்த்து மனம் நிறைந்ததா இல்லையா என்று தானே முடிவு செய்யும்; நிறையவில்லை என்றால் மேலே விளக்கு சிவந்து, பரிமாறியவன் கணக்கில் ஏறும்.

"துக்கத்துல வந்தவன் உனக்காக இளிக்கோணுமா?" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு நடந்தார் தண்டபாணி.

விளக்கு சிவந்தது. திரும்பிப் பார்த்தபோது குப்புராசு இடுப்புத் துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தான்.

தண்டபாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிவந்து கண்ணாடிக் கண்ணுக்கு முன்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கன்னம் வலிக்கும்வரை சிரித்தார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். விளக்கு மாறவில்லை.

"விடுங்ணா, இன்னைக்கு உங்களுக்குச் சிரிப்பு வராது" என்று வந்து அவர் தோளைத் தொட்டான் குப்புராசு. "வாங்க, பஸ் ஏத்தி உடறேன்."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்டபாணி பின்னாலேயே போனார்.